நல்ல ரத்தம்

இல்ல டாக்டரம்மா, உக்காரல. பூட்ஸெல்லாம் சாணி. இங்கயே நின்னு சொல்லிட்டுப் போயிடறேன், நீங்க பாட்டுக்குத் துணிய மடிங்க. நாளைக்குக் காலையில ஒபிஹிரோவுலேர்ந்து டோக்கியோவுக்கு விமானமாமே?

அங்க மாநாட்டுல நீங்க பேசப்போறத, உங்க ஆய்வகத்து நிஷியோகா சொன்னாரு. மாட்டுக்காரன் எனக்குப் பாதிதான் புரிஞ்சுது. மாட்டோட சிவப்பணுவுக்குள்ள ஒட்டுண்ணி பூந்துட்டா, அங்க இருக்கற சாப்பாடு அதுக்குப் பத்தாது. அணுவோட சுவத்துல புதுசா வழி பண்ணி, வெளியேர்ந்து சத்த இழுக்குது. சரிதானே? குடிவந்தவன் வீட்டுக்காரரக் கேக்காம சன்னல் வெக்கற மாதிரி. அந்த அணுவ இனிப்புத் தண்ணியில போட்டா ஊதி வெடிச்சுடும். நோயில்லாத அணு கம்முனு கெடக்கும்.

ஆனா இந்தக் கோடையில நீங்க கண்டுபிடிச்சது வேறயாம். நோயே இல்லாத ரத்தத்துலயும் நூத்துக்கு அஞ்சு அணு வெடிக்குது, ஒட்டுண்ணி வராமலே வழி இருக்குன்னு. உலகத்துல யாரும் பாக்காததாமே. அதக் கொண்டாட நம்ம ஆய்வகத்து இயக்குநர் முலாம்பழம் வெட்டினப்ப எனக்கும் ஒரு கீத்து வந்துச்சு. நல்ல இனிப்பு.

அந்த நல்ல ரத்தம் நம்ம பசு கொஹாருவோடது. கொட்டாய்லயே பொறந்தவ. சிமெண்டுத் தரை, காஞ்ச தீனி. புல்லுல கால் வெக்கக் கூடாது, உண்ணி கடிச்சா ஒட்டுண்ணி ஏறிடும்னு விதி. தெரியும்மா, செவுத்துல அத ஒட்டினதே நான்தான். அதனாலதான் அவ ரத்தத்துல ஒட்டுண்ணி இருக்கான்னு யாரும் சோதிச்சுப் பாக்கறதில்ல. கொஹாருன்னா சுத்தம், அவ்ளோதான்.

போன செப்டம்பர்ல, ஆராய்ச்சியில செத்த மாடுங்களுக்கு வருஷா வருஷம் செய்யற அஞ்சலியில, என்னைய வாசிக்க விட்டீங்களே. நினைவுக் கல்லு முன்னாடி பூ வெச்சு, எங்களுக்கு ரத்தம் குடுத்தீங்க, ரொம்ப நன்றின்னு படிச்சேன். படிச்சுட்டுக் கொட்டாய்க்குப் போனா, உயிரோட இருக்கறவ என்னையே பாத்துட்டு நிக்கிறா. கல்லுக்கு அவ்வளவு மரியாத பண்ணிட்டு இவளுக்கு ஒண்ணுமே பண்ணலயேன்னு எனக்கு ரொம்ப வெக்கமாப் போச்சு.

நீங்க ரெண்டு வருஷமா ஞாயிறுகூடப் பாக்காம ஒழச்சது எனக்குத் தெரியும். இந்த ஜூன்லேர்ந்துதான் மதியச் சாப்பாட்டுக்குப் போறீங்க. அந்த ஒரு மணி நேரம் கொஹாருவப் பின்னாடி புல்மேட்டுக்கு ஓட்டிட்டுப் போறேன். நல்லாவே மேயுறா.

இந்தாங்க, தீப்பெட்டி. மெதுவாத் தொறங்க. இன்னிக்கு அவ காதுக்குப் பின்னாடி எடுத்தது. ஏழு உண்ணி இருக்கு, ரெண்டு இன்னும் நகருது.