ஈரம் படாத அறை

ரஜாய்ப் போர்வைக்குப் பஞ்சு வாங்குகிறவர்கள் கோடையிலேயே வாங்கிவிட வேண்டும், இன்ஸ்பெக்டர் சார். மழை பிடித்துவிட்டால் பஞ்சு தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும். வெள்ளைக்காரத் துரைசானிகள் கப்பல் ஏறிவிட்டார்கள், ஆனால் பெங்களூர்க் குளிர் ஏறிப் போகவில்லையே. வீட்டில் உட்கார்ந்து நான் தைக்கிற ரஜாய்க்கு இன்னும் ஆள் இருந்தது. அதனால் இந்த வருஷம் ஈஸ்டர் முடிந்த கையோடு மாமூல்பேட்டைக் கடைகளில் மொத்தமாக எடுத்தேன். ஜட்காவிலிருந்து மூட்டைகள் இறங்க இறங்க, என் வீட்டுக்காரர் ஆம்ப்ரோஸ், "இனி நாம எங்க படுக்கறது மௌரீன்?" என்று கேட்டுச் சிரித்தார். நல்ல மனிதர். அவரை இதில் இழுக்க வேண்டாம்.

ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்கள் வீடு பார்வைக்குத்தான் பங்களா. மழைக்காலத்தில் பின்பக்கம் முழுக்க ஓதம். வெயில் விழுகிற அறை முன்னறை ஒன்றுதான். அதில் ஆம்ப்ரோஸின் அக்கா ரெஜினா இருந்தார். கல்யாணம் பண்ணிக்கொள்ளாமல், நர்ஸ் வேலை பார்த்துத் தம்பியைப் படிக்கவைத்தவர். என் பிரசவங்களையும் அவர்தான் பார்த்தார். இடுப்பெலும்பு முறிந்த பிறகு கட்டிலோடு சரி. இதையெல்லாம் நான் மறைக்கவில்லை.

ஜூலையில் பின்னறை மூட்டைகளில் பூஞ்சை பிடித்தது. அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அறையை மாற்றிக்கொள்ளலாமா என்று அக்காவிடம் மரியாதையாகத்தான் கேட்டேன்.

"பஞ்சுக்கு வெயில் வேணும்னா எனக்கு வேணாமா மௌரீன்? பாதி ரூம் எடுத்துக்கோ, போ," என்றார்.

எடுத்துக்கொண்டேன். நல்ல மூட்டைகளைக் கட்டிலைச் சுற்றி அடுக்கினேன். பிறகு ஜன்னலையும் மறைக்க வேண்டியதாயிற்று. தூசிக்கு அக்கா இருமினார். பஞ்சில் எச்சில் தெறிக்கும், சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள் என்றேன். திரும்பிக்கொண்டார். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, பஞ்சு இருக்கிறவரைக்கும் இவர் தேறமாட்டார் என்றார். எல்லாவற்றையும் வந்த விலைக்குத் தள்ளிவிடுவதென்று ஆம்ப்ரோஸ் முடிவு செய்தார். சத்தம் போடவில்லை. "அக்காவா பஞ்சான்னு பார்த்தா, அக்காதானே?" என்று மட்டும் கேட்டார்.

நான் யோசித்துப் பார்த்தேன், சார்.

மறுநாள் அவர் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கும் போன பிறகு, பஞ்சு அடிக்கிற தடியை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனேன். அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். பஞ்சு அடித்துப் பழகிய கை, ஓங்குவதில் பிசகாது. முதல் அடியில் காதுக்கு மேலே மண்டை அமுங்கியது. அடுத்த அடிக்குக் கையைக் குறுக்கே கொண்டுவந்தார். விரல்கள் முறிந்தன. ரத்தம் தலைமாட்டு மூட்டைவரை தெறித்துவிட்டது. உடனே நிறுத்திவிட்டேன்.

"டாக்டரக் கூப்பிடும்மா," என்றார் அக்கா. நர்ஸ் இல்லையா, தன் நிலைமை அவருக்குத் தெரிந்திருந்தது. டாக்டர் வீடு எதிர்வரிசைதான். ஆனால் முதலில் மூட்டைகளை நகர்த்த வேண்டியிருந்தது. ஒவ்வொன்றாகக் கூடத்துக்கு இழுத்தேன். கறைபட்ட சாக்கை அவிழ்த்துப் பஞ்சை வேறு சாக்குக்கு மாற்றினேன். அதுவரைக்கும் அக்கா என் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தார். பிறகு பின்னறையிலிருந்து, பூஞ்சை பிடித்த மூட்டை ஒன்றைக் கொண்டுவந்து அவர் முகத்தில் வைத்து மேலே உட்கார்ந்தேன். முறியாத கை என் சேலையைப் பிடித்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் விட்டுவிட்டது.

அடுக்கு சரிந்து அக்காமேல் விழுந்துவிட்டது என்று அக்கம்பக்கத்தில் சொன்னேன். பஞ்சு விழுந்து யாருக்கும் மண்டை உடையாது என்று நீங்கள்தான் சொன்னீர்கள். சரிதான்.

நான்தான் செய்தேன், எழுதிக்கொள்ளுங்கள். கோபத்தில் செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். கடைசிவரைக்கும் அக்காவை நான் ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை.