நாற்பத்தோராவது மாத்திரை

மேடையில் அமர்ந்திருக்கும் நலச்சங்கத் தலைவர் பக்தவச்சலம் ஐயா அவர்களே! காலை ஏழு மணி முதல் எங்கள் செம்பாக்கத்தின் ரத்தத்தைச் சின்னச் சின்னக் குப்பிகளில் சேகரித்த செவிலியர் சகோதரிகளே! வெறும் வயிற்றோடு வரிசையில் நின்ற பெரியோர்களே! அவர்களுக்காக இட்லியைச் சூடாறாமல் காத்த தாய்மார்களே! பதினொன்றாம் வகுப்பு மாணவி எப்சியின் பணிவான வணக்கம்!

இந்த ரத்தப் பரிசோதனை முகாமில் கொழுப்பைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் என் அப்பாவைப் பற்றிப் பேசப்போகிறேன். அதோ, மூன்றாம் வரிசையில் கட்டம்போட்ட சட்டையில் நெளிகிறாரே, அவர்தான் ஜெர்சன்! அனுமதியா? அம்மாவிடம் வாங்கிவிட்டேன் அப்பா!

எனக்கு ஏழு வயதானபோது, ரத்தத்தில் கெட்ட கொழுப்பு அதிகம் என்று அப்பாவுக்கு மாத்திரை கொடுத்தார்கள். தினமும் ஒன்று, ஆண்டு முழுவதும். அப்பா என்ன செய்தார் தெரியுமா? ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் லெந்து விரதத்தில் மட்டும் போட்டார்! அந்த நாற்பது நாளும் இறைச்சி இல்லை, முட்டை இல்லை, மாத்திரை மட்டும் உண்டு. ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை காலையில் பரிசோதனைக்கு ஓடுவார்.

"பிரியாணிக்கு முன்னாடியே ரத்தம் குடுத்துடணும் ஆஷா. அப்பதான் ஃபர்ஸ்ட் கிளாஸ்ல பாஸ் ஆவேன்."

"எக்ஸாமுக்கு முந்தின நாள் படிக்கிற பையன் மாதிரியே இருக்கீங்க," என்பார் அம்மா.

ஞாயிறன்று மட்டன் பிரியாணி மேசைக்கு வரும். மாத்திரை அட்டை அலமாரிக்குப் போகும். சிரிக்கிறீர்களே, உங்கள் வீட்டு அலமாரியில் எத்தனை அட்டைகள் உறங்குகின்றன?

இப்படியே ஆறு ஆண்டுகள்! ஆறு அறிக்கைகளிலும் அருமையான எண்கள்!

ஏழாம் ஆண்டு ஜூலையில், வண்டலூர் பக்கம் அப்பாவின் பைக்கில் பின்னால் அமர்ந்து வந்தேன். வண்டி திடீரென ஓரம் கட்டியது.

"எப்சி, லெஃப்ட் கண்ணுல யாரோ ஷட்டர் இறக்குன மாதிரி இருக்குடி."

இரண்டே நிமிடம். பார்வை திரும்பியது. "ஒண்ணுமில்ல, சரியாயிடுச்சு. ஏறு."

"ஏறமாட்டேன்ப்பா. ஆட்டோல நேரா ஆஸ்பத்திரி."

பதின்மூன்று வயதில் நான் பிடித்த மிகப் பெரிய பிடிவாதம் அது!

ஸ்கேனில் இடது கழுத்துத் தமனி பாதி அடைத்திருந்தது. அங்கிருந்து உடைந்த கொழுப்புத் துணுக்கு ஒன்று கண்ணுக்குப் போகும் ரத்தத்தைச் சற்று நேரம் தடுத்திருந்தது. அடுத்தது மூளைக்குப் போயிருந்தால்? இன்று அந்த மூன்றாம் வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருந்திருக்கும்.

அப்பா ஆறு அறிக்கைகளையும் வீட்டிலிருந்து வரவழைத்து டாக்டரின் மேசையில் பரப்பினார். "எல்லாம் நார்மல்தானே டாக்டர்?"

நான் தேதிகளைப் பார்த்தேன். "டாக்டர், இது எல்லாமே ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை."

"காட்டிக் குடுத்துட்டியேடி!" என்றார் அப்பா.

டாக்டர் விஷ்ணுப்ரியா சொன்னார்: "ரத்தம் நாப்பது நாள் கதையைச் சொல்லிச்சு சார். மிச்ச வருஷக் கதையைக் கழுத்து சொல்லிடுச்சு."

அன்றிலிருந்து தினமும் மாத்திரை, ரத்தம் உறையாமலிருக்க இன்னொன்றும். ஆனால் எங்கள் பயமெல்லாம் அடுத்த ஈஸ்டரைப் பற்றித்தான்! விரதம் முடிந்தது. பிரியாணி வந்தது, அப்பாவுக்கு அளவாக ஒரு கரண்டி. அன்றிரவு, நானும் அம்மாவும் மூச்சை அடக்கி நின்றோம். அப்பா அலமாரியைத் திறந்தார். அட்டையைக் கையில் எடுத்தார். உள்ளே வைப்பாரா? மாத்திரையை வெளியே எடுப்பாரா?

"என்னடி ரெண்டு பேரும் சிலை மாதிரி நிக்கிறீங்க? தண்ணி குடுங்க!"

விழுங்கினார்! லெந்து முடிந்த கையோடு எங்கள் வீடு கண்ட முதல் மாத்திரை! பண்டிகை கடந்த மாத்திரை! எங்கள் வீட்டின் நாற்பத்தோராவது மாத்திரை!

அதன்பின் ஒருநாளும் அட்டை அலமாரிக்குள் உறங்கவில்லை. மூன்று ஆண்டுகள் ஓடின. போன வாரம் மறுபடி ஸ்கேன். முடிவு சொல்லட்டுமா? அடைப்பு வளரவில்லை! வளராதது மட்டுமா? சற்றே குறைந்தும் இருக்கிறது! கைதட்டுங்கள், எனக்கல்ல, அந்தக் கட்டம்போட்ட சட்டைக்கு!

அன்பர்களே! இன்று கொடுத்த ரத்தத்துக்கு அடுத்த வாரம் முடிவு வரும். மாத்திரை சாப்பிடுகிறவர்களே, நல்ல எண் வந்தால் மாத்திரைக்கு ஓய்வு கொடுப்பீர்களா? அந்த எண் அதன் உழைப்பல்லவா? நிறுத்துவதா, குறைப்பதா என்பதை மருத்துவரிடம் கேளுங்கள், காலண்டரிடம் கேட்காதீர்கள்!

அப்பா, இன்று போட்டாயிற்றா? அதோ, சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்துத் தூக்கிக் காட்டுகிறார், பாருங்கள்! என் உரைக்கு இதைவிட முடிவு வேண்டாம். செவிகொடுத்த உங்களுக்கு நன்றி, மேடை தந்த தலைவருக்கு நன்றி, மூன்றாம் வரிசைக்கு முத்தம். வணக்கம்!