அதிகாரியம்மா வர்றதுக்குள்ள

— தப்பு! மறுபடியும் தப்பு! "நான் இங்க சந்தோஷமா இருக்கேன்"னு சொல்லும்போது மூஞ்சியை இப்படித் தொங்கப் போட்டா எவன் நம்புவான்?

— என் மூஞ்சியே அப்படித்தாண்ணே.

— கொஞ்சம் சிரி.

— இதோ. போதுமா?

— வேணாம் தாயி, வேணாம். பல்வலின்னு நினைச்சுக்குவாங்க. மறுபடி ஆரம்பிப்போம், நான்தான் அந்தக் குப்பை கம்பெனி அதிகாரியம்மா. வந்து உன் எதிர்ல உக்காந்துட்டேன். கேள்வி கேக்கறேன். நீ நீயாவே இரு. புரியுதா இல்லையா?

— புரியுது. ஆனா அதிகாரியம்மா மீசை வச்சிருக்காங்களே.

— வாயாடி! முதலாளி என்ன சொல்லிட்டுப் போயிருக்காரு? "நீதான் சூப்பர்வைசர், நீதான் பொறுப்பு, ஒரு பொண்ணைப் பிடிச்சுத் தயார் பண்ணி வை"ன்னு. தையல் மெஷின்ல இருக்கற அத்தனை பேர்லயும் உன் மூஞ்சிதான் வெள்ளந்தியா இருக்குன்னு உன்னைப் பிடிச்சேன்.

— இப்பதானே மூஞ்சி சரியில்லன்னீங்க?

— இனிமே மூஞ்சியைப் பத்திப் பேச்சே வேணாம்.

— சரிண்ணே. ஆனா எனக்கு ஒண்ணு புரியல. நாம தைக்கறது கிளவுஸ். அவங்க அதை மாட்டிக்கிட்டு குப்பை அள்ளுறாங்க. கிளவுஸ் கிழியாம இருக்கான்னு பாத்தா போதாதா? தைச்ச கை யாருதுன்னு எதுக்கு விசாரிக்கணும்?

— அதான் இப்ப புதுசா வந்திருக்கு. ஊர்க் குப்பையெல்லாம் அள்ளுற கம்பெனிதான், ஆனா அவங்களுக்கு சாமான் குடுக்கற இடம் சுத்தமா இருக்கணுமாம். லாரி டயர், தொட்டி, யூனிஃபார்ம், நம்ம கிளவுஸ், எல்லாம் யாரு செய்யறா, விருப்பப்பட்டு செய்யறாங்களா, மாட்டிக்கிட்டு செய்யறாங்களான்னு ஒவ்வொரு இடமா போய்ப் பாக்கறாங்க. "நவீன அடிமைத்தனம்"னு அதுக்குப் பேரு.

— நவீனமா? அப்போ நம்மளைப் பத்தி இல்லண்ணே. இங்க ஃபேன்கூட ஓடறதில்ல.

— ஐயையோ, இதை அவங்ககிட்ட சொல்லி வைக்காதே! அதான் முதலாளி புது ஃபேன் மாட்டியிருக்காரே.

— மாட்டியிருக்காரு. வயரைக் காணோமே.

— நீ அண்ணாந்து பாக்காம இரு, அவங்களும் பாக்க மாட்டாங்க. வா, கேள்விக்கு வா. "உங்க பாஸ்போர்ட் யார்கிட்ட இருக்கு?"

— முதலாளி பீரோவுல.

— தப்பு! "என்கிட்டதான் இருக்கு மேடம்."

— காட்டுன்னு கேட்டா?

— "ரூம்ல இருக்கு"ன்னு சொல்லு.

— போய் எடுத்துட்டு வான்னா?

— "ரூம் பூட்டியிருக்கு"ன்னு சொல்லு.

— யாரு பூட்டினதுன்னு கேட்டா?

— "சூப்பர்வைசர்தான் பூ..." ஏய், என்னை ஏன் நடுவுல இழுக்கற?

— நீங்கதானேண்ணே தினம் வெளிய நின்னு பூட்டறீங்க?

— அது உங்க பாதுகாப்புக்கு! திருட்டுப் பய எவனாவது வந்தா?

— வந்து எதைத் திருடுவான்? எங்ககிட்ட பாஸ்போர்ட்கூட இல்ல.

— உன்னோட பேசினா எனக்குத் தலை சுத்துது. அடுத்தது. "நீங்க நினைச்சா வெளிய போகலாமா?"

— போகலாம் மேடம்.

— சபாஷ்! இதைத்தான் எதிர்பார்த்தேன்.

— சூப்பர்வைசர் அண்ணன் முன்னாடி நடப்பாரு, முதலாளி வீட்டு டிரைவர் பின்னாடி வருவாரு, நடுவுல நாங்க சோப்பு வாங்கப் போவோம்.

— அந்தப் பின்பாட்டு எதுக்கு? "போகலாம் மேடம்" அதோட நிறுத்து! சரி, "வீட்டோட போன்ல பேசறீங்களா?"

— ஞாயித்துக்கிழமை பேசறோம். முதலாளி பக்கத்துல நின்னுக்கிட்டு, "எல்லாரையும் விசாரிச்சதா சொல்லு"ம்பாரு. எங்க அம்மா என்ன நினைச்சிருக்காங்க தெரியுமா? அவரு எனக்கு மாமனாராகப் போறாருன்னு.

— கடவுளே! அவங்க வர்ற நேரமாச்சு. இந்த ஆர்டர் கைவிட்டுப் போச்சுன்னா, மொத்தப் பேரையும் வண்டியில ஏத்தி இதைவிட மோசமான இடத்துக்கு அனுப்பிடுவேன்னு முதலாளி சொல்லியிருக்காரு. விளையாட்டில்லம்மா இது.

— தெரியும்ணே. எனக்கும் பயமாத்தான் இருக்கு. அதான் வாய் நிக்க மாட்டேங்குது. ஒண்ணு செய்வோமா? நீங்க என் இடத்துல இருங்க. நான் அதிகாரியம்மாவா கேக்கறேன். எப்படி பதில் சொல்லணும்னு நீங்க சொல்லிக் காட்டுங்க, நான் அப்படியே பிடிச்சுக்கறேன்.

— இது நல்ல யோசனை. தள்ளு, அந்த ஸ்டூல்ல நான் உக்கார்றேன். நீ நாற்காலியில... ஏய், அது முதலாளி நாற்காலி! சரி, சரி, உக்காந்து தொலை.

— அப்பாடி, இது சுத்துதேண்ணே! ம்... ம்... வணக்கம். பயப்படாம பேசுங்க. இங்க என்ன வேலை பாக்கறீங்க?

— கிளவுஸ் தைக்கறேங்க மேடம். எங்க முதலாளி தங்கமானவரு.

— குரல் ஏன் இப்படிக் கீச்சுங்குது?

— உன்னை மாதிரி பேசறேன்ல!

— நான் அப்படியா கத்தறேன்? உங்க சொந்தக் குரல்லயே பேசுங்க.

— சரி. கிளவுஸ் தைக்கறேன் மேடம்.

— கடைசியா எப்போ ஊருக்குப் போனீங்க?

— இது நான் சொல்லிக்குடுத்த கேள்வி இல்லையே.

— அதிகாரி யாரு, நானா நீங்களா?

— நீங்கதாங்க மேடம். போன வருஷம் போனேங்க. பொண்ணு கல்யாணத்துக்கு.

— அண்ணே, எனக்கு ஏது பொண்ணு? எனக்கே இன்னும் கல்யாணமாகல.

— ஆமால்ல. வாயில வந்துருச்சு.

— உங்க பொண்ணுக்குத்தானே போன வருஷம் கல்யாணம்? ஆனா நீங்க இங்கதானே இருந்தீங்க? அன்னிக்குப் பூரா வெட்டுற மெஷின் பக்கத்துலயே நின்னீங்களே.

— அந்த மெஷின் சத்தத்துல அழுதா யாருக்கும் கேக்காது.

— ஏன் போகல?

— கேட்டேன். "சீசன் முடியட்டும்"னாரு. குப்பைக்கு ஏதும்மா சீசன்? வருஷம் பூரா ஊரே கொட்டுது.

— பாஸ்போர்ட்டை எடுத்துக்கிட்டு கிளம்பியிருக்கலாமே?

— என்கிட்டதான் இருக்கு மேடம்.

— காட்டுங்க.

— ரூம்ல... பீரோவுல... முதலாளி பீரோவுல இருக்கு.

— அண்ணே, இப்ப நீங்க நானா பேசறீங்களா, நீங்களா பேசறீங்களா?

— தெரியலம்மா. எனக்கே குழம்பிருச்சு.

— உங்களோடதும் அந்த பீரோவுக்குள்ளதானா? நாங்க பீரோ சாவியே உங்ககிட்ட இருக்குன்னுல்ல இவ்வளவு நாளா பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கோம்! அப்போ இடுப்புல தொங்குற அந்த சாவிக்கொத்து?

— இது உங்க ரூம் சாவி. இது தண்ணி டேங்க் மூடிக்கு. மத்ததெல்லாம் எதுக்குன்னு எனக்கே தெரியாது. கொத்து பெருசா தெரியட்டும்னு மாட்டிக்கிட்டேன். சூப்பர்வைசர்னா ஒரு இது வேணாமா?

— எங்களைப் பூட்டிட்டு நீங்க எங்க போய்த் தூங்கறீங்க?

— துணி குடோன்ல.

— அதை யாரு பூட்டறது?

— முதலாளி.

— உள்ளயா, வெளியவா?

— வெளியதான்.

— திருட்டுப் பய வந்தா?

— மத்தவங்களைப் பூட்டற வரைக்கும், நம்மளைப் பூட்டறது அவ்வளவா உறைக்கறதில்லம்மா. "சூப்பர்வைசர்"னு எழுதி ஒரு தொப்பி வேற குடுத்தாரா, அதுலயே மயங்கிட்டேன்.

— தொப்பி உங்களுக்குச் சேரவே இல்ல. காது வரைக்கும் இறங்குது.

— வேற யாருக்கோ தைச்சதும்மா. போதும், எழுந்திரு. ஒத்திகை முடிஞ்சுது.

— அதிகாரியம்மா உங்களையும் கேப்பாங்களாண்ணே?

— என்னை எதுக்குக் கேக்கறாங்க? சூப்பர்வைசர் எதிர்ல இருந்தா தொழிலாளிங்க பயப்படுவாங்கன்னு, வந்ததுமே என்னை வெளிய அனுப்பிடுவாங்களாம். அப்புறம் கதவைச் சாத்திக்கிட்டு ஒரு தொழிலாளியோட மட்டும் பேசுவாங்களாம்.

— அப்போ நான் உள்ளதைச் சொல்லிடட்டுமா?

— சொல்லுவே. உடனே முதலாளி, "அவளா? அவ வாயைத் திறந்தாலே பொய்"ம்பாரு. என்னைத் திரும்பிப் பாப்பாரு. நான் தலையாட்டுவேன்.

— ஆட்டுவீங்களாண்ணே?

— ஆட்டி ஆட்டி இந்தக் கழுத்துக்கு வேற எதுவும் தெரியாதும்மா.

— ஆர்டரை நிறுத்திட்டு அவங்க பாட்டுக்குப் போயிட்டா என்ன பண்றதுன்னு பயமா?

— அந்த பயமும் உண்டு. ஆனா நேத்து போன்ல அந்தம்மா முதலாளிகிட்ட சொன்னது காதுல விழுந்துச்சு. "தப்பு இருந்தா அதைச் சரி பண்ற வரைக்கும் நாங்க விலகமாட்டோம். ஆளுங்களை நடுத்தெருவுல விடவும் மாட்டோம்"னாங்க. அதுலதான் முதலாளிக்கு வேர்த்துடுச்சு.

— அப்போ நீங்களே சொல்லுங்களேன்.

— நானாப் போய்ச் சொல்ல என்னால முடியாதும்மா. ஆனா இப்ப நீ கேட்டே பாரு, பொண்ணு கல்யாணத்தைப் பத்தி, அது மாதிரி யாராவது நேருக்கு நேர் உக்காந்து கேட்டா, எல்லாம் கொட்டிடும் போல இருக்கு. என்னை யாருமே இதுவரைக்கும் கேட்டதில்லையே. சரி விடு... ஏய், வெளிய கார் சத்தம்!

— ஜன்னல்ல பாருங்க. அந்தம்மா முதலாளியைக் கேட்லயே நிறுத்திட்டாங்க. தனியாத்தான் வர்றாங்க.

— எழுந்திரு, எழுந்திரு! நாற்காலியை விடு! நான் வெளிய போகணும்!

— நீங்க ஸ்டூல்லயே இருங்கண்ணே. அந்தத் தொப்பியை மட்டும் இப்படிக் குடுங்க.

— தொப்பியா? எதுக்கு?

— குடுங்கண்ணே, சீக்கிரம்!

— வணக்கம். உள்ளே வரலாமா? உங்ககிட்ட கையுறை வாங்கற கம்பெனியில இருந்து வர்றேன். முதல்ல இங்க வேலை பாக்கற ஒருத்தரோட தனியா பேசணும், அதுவரைக்கும் சூப்பர்வைசர் கொஞ்சம் வெளியே இருந்தா நல்லது. உங்கள்ல யாரு சூப்பர்வைசர்?

— நான்தாங்க மேடம், இதோ வெளிய போயிடறேன். தொழிலாளி இவருதான், பக்கத்துல உக்காந்து நிதானமா கேளுங்க.