மல்லிகைப் பாணி ஊற்றிய இரண்டு கிளாஸ்

பெயர்: அருந்ததி நாகேந்திரம். வயது: 25. தொழில்: புத்தகக் கடை எழுதுவினைஞர். விலாசம்: பாமன்கடை, இல. 14/2, பின் அனெக்ஸ். 1997.04.21 அன்று கொன்ஸ்தாபிள் ஸவாஹிர் தமிழில் கேட்டு எழுதியது.

நான் மேற்படி அனெக்ஸில் கௌரி நமசிவாயம் என்பவருடன் இரண்டு வருடமாக வசிக்கிறேன். 19ஆம் திகதி சனிக்கிழமை அவளுடைய பிறந்தநாள். அலுவலகத்தில் அவளுக்குக் கொடுத்த நுரைக்கும் வைன் போத்தல் ஒன்று பிரிட்ஜில் இருந்தது. முந்தின நாள் நான் சீனிப்பாணி காய்ச்சி, ஆறவிட்டு, முற்றத்து மல்லிகைப் பூக்களை அதில் ஊறப்போட்டேன். பாணியை வடித்து, தேசிக்காய்ப்புளி விட்டு, கடைசியில் வைனை ஊற்றிக் குடிப்பதாக இருந்தோம். தேசிக்காய் வீட்டில் இருக்கவில்லை. காலை பத்தரை மணியளவில் கௌரி வாங்கப் போனாள். தமிழர் வெளியே போனால் மறிப்பவர்களுக்குக் காட்டவேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டு அவளுடைய அலுவலகப் பையில் கிடப்பதை நினைவூட்டினேன். சந்திக்குத்தானே என்று எடுக்காமல் போனாள். "நான் வாறதுக்குள்ள முழுசையும் குடிச்சுப்போட்டுக் கிடக்காதையடி" என்றாள்.

அதன் பின்னர் பதினொன்றேகால் மணிக்குச் சந்திக் கடைக்காரர் ஹுசைன் வந்து, சீருடைக்காரர்கள் கௌரியை மறித்துப் பதிவுத் துண்டு கேட்டு ஜீப்பில் ஏற்றியதாகச் சொன்னார். வீதியில் பொறுக்கிய ஐந்து தேசிக்காயைக் காட்டினார். அவர் விற்றதும் ஐந்துதான். அதன் பின்னர் நான் கதவை ஆமைப்பூட்டால் பூட்டிவிட்டுப் போய் மூன்று பொலிஸ் நிலையங்களில் விசாரித்தேன். அப்படி ஒருவரைக் கொண்டுவரவில்லை என்றார்கள்.

மாலை ஐந்தரைக்குத் திரும்பியபோது பூட்டு பூட்டியபடியே இருந்தது. அந்தப் பூட்டுக்கு இருந்த இரண்டு திறப்பில் ஒன்று என்னிடம், மற்றது கௌரியிடம். உள்ளே போத்தல் திறந்திருந்தது. மேசையில் இரண்டு கிளாஸ். ஒன்று நிறைய, மற்றது பாதி குடித்தது. இரண்டிலும் குமிழி எழும்பிக்கொண்டிருந்தது. வைனை ஊற்றி அரை மணித்தியாலத்தில் குமிழி அடங்கிவிடும். பக்கத்தில் தேசிக்காய்ப் பாதி ஒன்று, வெட்டுமுகம் காயாமல் கிடந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். குளியலறையிலும் கட்டிலுக்குக் கீழும் பார்த்தேன். பகல் முழுதும் வாசலில் இருந்த வீட்டுக்கார றஞ்சிதம் அக்கா, அந்த வழியால் ஒருவரும் போகவில்லை என்றார். நான் கிளாஸ்களைத் தொடவில்லை. குமிழி நிற்கும்வரை எதிரே இருந்தேன்.

இதைச் சொன்னபோது கொன்ஸ்தாபிள் ஸவாஹிர் பேனையை வைத்துவிட்டு, "தங்கச்சி, இத எழுதினா அவ ஊட்டுக்கு வந்துட்டுப் போனதா ஆகிடும். பொறகு ஜீப்ப ஆரும் தேடமாட்டாங்க. உட்டுடுங்களே" என்றார். இதை நானே மறைத்தால், ஜீப்பில் ஏற்றியதையும் நடக்கவில்லை என்று என்னைச் சொல்லவைத்துவிடுவார்கள் என்று பட்டது. எழுதச் சொன்னேன்.

அதன் பின்னர் சார்ஜன்ட் பார்த்துத் திருப்பிய தாளில் "சுயவிருப்பில் வெளியேறினார்" என்றொரு வரி சேர்ந்திருந்தது. அது என் சொல் அல்ல. அதை வெட்டச் சொல்லி, ஓரத்தில் என் சுருக்கொப்பம் வைத்தேன்.

கௌரியை ஜீப்பில் ஏற்றினார்கள். அன்று மாலை எங்கள் மேசையில் வைன் நுரைத்தது. இரண்டும் நடந்தவை. வாசிக்கக் கேட்டு, வெட்டிய வரி நீங்கலாக மற்ற யாவும் என் சொல்லே என ஏற்று ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) அ. நாகேந்திரம்