நடந்த கால்

இல்ல தம்பி, அந்த ரம்பத்தக் கீழ வைங்க. வெட்டணும்னு நீங்க சொன்னது காதுல விழுந்துச்சு, நான் ஒண்ணும் செவிடி இல்ல. எம் மக லோயிஸ் அபினித் தண்ணி குடிச்சுட்டுத் தூங்குறா, அவ முழிக்கிறதுக்குள்ள முடிச்சிரணும்னு உங்களுக்கு அவசரம். பெத்தவளுக்கு இல்லாத அவசரமா? ஆனா போன காலு திரும்ப முளைக்காது பாருங்க. இந்த ஒரு குவளை குடிக்கிற நேரம் குடுங்க. சுட வெச்ச ஆப்பிள் கள்ளுதான், குடிங்க. மலையேறி வந்திருக்கீங்க, மூக்கெல்லாம் செவந்து கெடக்கு.

நீங்க சொன்னத நான் திருப்பிச் சொல்றேன், சரியான்னு பாருங்க. புள்ள வைக்கோல் பரண்லேருந்து விழுந்துட்டா. தொடையெலும்பு முறிஞ்சு தோலக் கிழிச்சுட்டு வெளிய வந்திருச்சு. அத ஒட்ட வெக்கப் பாத்தா அழுகி உசுரு போயிரும். தப்பித் தவறி ஒட்டுனாலும் கோணலாத்தான் ஒட்டும், ஆயுசுக்கும் படுக்கைதான். அதுக்குக் கட்டைக் காலு மேல். இவ்வளவுதானே?

ம். புத்தகத்துல படிச்சது மட்டுமில்ல, கையில எடுத்தே பாத்திருக்கேன்னீங்க. காலேஜுல ஒரு ஆம்பளையோட தொடையெலும்பு, மரக்கணு மாதிரி தடிச்சு, கோணலா ஒட்டியிருந்துச்சுன்னீங்க. அதப் பத்தி இன்னும் கொஞ்சம் சொல்லுங்களேன். இல்ல இல்ல, சும்மா பொழுத ஓட்டக் கேக்கல. எம் புள்ள காலு அதுலதான இருக்கு.

வாத்தியாரு அதத் தூக்கிக் காமிச்சு என்ன சொன்னாரு? இந்த ஆளு ஒரு அடி கூட எடுத்து வெச்சிருக்க மாட்டான்னாரா. சரி. ரெண்டாவது வருசம்? அதே பாடமா? வார்த்தை மாறாமயா? அட, எல்லாக் காலேஜுலயும் அப்படித்தானா. ஒரே பாடத்த ரெண்டு குளிர்காலம் உக்காந்து கேட்டா ஆட்டுத்தோல்ல எழுதிக் குடுத்துருவாங்களாக்கும், டாக்டருன்னு. கோவிச்சுக்காதீங்க. எங்க சபைப் போதகரும் ஒரே பிரசங்கத்தத்தான் வருசாவருசம் பண்றாரு, நாங்களும் தலையாட்டிட்டுத்தான் வர்றோம். ரெண்டு தடவ கேட்டா எந்தப் பொய்யும் வேதவாக்காயிருது.

அந்த ஆளு யாருன்னு ஒருத்தரும் கேக்கலியா? அனாதைகள வெச்சுச் சோறு போடுற எடத்துல செத்தவன்னு சொன்னாங்களா. ம். அப்படித்தான் சொல்லுவாங்க.

எதுக்குக் கேக்குறேன்னா, மலைக்கு அந்தப் பக்கம் உங்க காலேஜ் வந்ததுலேருந்து, குளிர்காலத்துல சாகாதீங்கடாம்பாங்க எங்க ஊருல. சிரிக்கிறீங்க. அறுத்துப் படிக்கன்னு ராவோட ராவா பொணத்தத் தோண்டித் தூக்கிட்டுப் போயிருவாங்க. பாடம் நடக்குற மாசத்துல யாராச்சும் செத்தா, உடம்பு கெட்டுப் போற வரைக்கும் சொந்தக்காரங்க கல்லறையில காவல் உக்காரணும். வெயில் காலம்னா சீக்கிரம் ஆயிரும். இந்த வெர்மான்ட் குளிருல எங்க ஆகுறது? எம் புருசன் ஆசகேல் நவம்பர்ல போயிட்டாரு, மூணு வருசமாச்சு. நெஞ்சுச் சளிக் காய்ச்சல். கொழுந்தன் ஏனோஸ்தான் துப்பாக்கியும் கம்பளியுமா போயி உக்காந்தான். அண்ணன் மேல அவனுக்கு உசுரு, அண்ணனுக்கு ஒரு தீம்பு பண்ணியிருந்தான், அதுனால கூடுதலாவே உசுரு.

அவன் உக்காந்ததோட நிக்கல. மண்ணு மேல வைக்கோல் தாளையும் கூழாங்கல்லையும் ஒரு தினுசா அடுக்கி வெச்சான். அவனுக்கும் எனக்கும் மட்டுந்தான் அந்த அடுக்கு தெரியும். எவனாச்சும் கை வெச்சா கலைஞ்சு காட்டிக் குடுத்துருமில்ல? ஒரு நா பிசாசாட்டம் காத்து. பனி இல்ல, வெறுங்காத்து. எங்க தொழுவத்துக் கூரையே பறந்துருச்சு. வெரலெல்லாம் வெறைச்சுப் போயி ஏனோஸ் வீட்டுக்கு வந்துட்டான். விடிஞ்சதும் ரெண்டு பேரும் ஓடினோம். போயிப் பாத்தா வெச்சது வெச்ச எடத்துல இருக்கு, ஒரு தாளு நகரல. ஏனோஸ் அழுதே போட்டான், சந்தோசத்துல. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்னு நானும் வந்து அடுப்பப் பத்த வெச்சேன்.

கூரையத் தூக்குன காத்து அது, தம்பி. ஒரு வைக்கோல் நகரலன்னா அது எப்படின்னு ரெண்டு மடையருக்கும் தோணல. நல்லபடியா இருக்குன்னு நம்பணும்னு ஆசை, நம்பிட்டோம். இன்னிக்கு, இந்த மேசையில, நீங்க பேசப் பேசத்தான் எனக்கு உறைக்குது. யாரோ பொறுமையா, காத்து ஓஞ்சதுக்கப்புறம், முன்னாடியே பாத்து வெச்சிருந்த அடுக்க அப்படியே திருப்பி அடுக்கியிருக்கான்.

குடிங்க, ஆறிரப் போவுது.

அந்த எலும்புல இன்னொண்ணும் இருந்துச்சுன்னு நீங்களேதான சொன்னீங்க, கோட்டக் கழட்டும்போது. என்னது? மறுபடி சொல்லுங்க. ஈயக் குண்டு. ஒட்டுன எடத்துக்கு மேல. எலும்பு அதச் சுத்தி வளந்து மூடிட்டிருந்துச்சு. இடது காலா? ஆமா, இடது காலுதான்.

ஏன் எந்திரிக்கிறீங்க? உக்காருங்க. நான் ஒண்ணும் பண்ண மாட்டேன். பண்ணணும்னு கை துடிக்குது, அது வேற. மூணு வருசமா வெறும் பெட்டிக்குப் பூ வெச்சு, ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் மண்ணுகிட்ட வீட்டுக் கதை பேசிட்டு வந்திருக்கேன். ஆனா எனக்கு இன்னிக்கு வேற டாக்டரு கிடையாது, எலும்பு கட்டுற கிழவர் பிக்ஸ்பியும் செத்துட்டாரு.

மான்னு நெனச்சு ஏனோஸ் சுட்ட குண்டு அது. அடி பட்டு எம் புருசன் பாறையிலேருந்து உருண்டதுல தொடை முறிஞ்சுச்சு, எலும்பு இப்படியேதான் வெளிய வந்துச்சு. பிக்ஸ்பி சாராயத்த ஊத்திக் கழுவி, இழுத்துப் பொருத்தி, ரெண்டு பக்கமும் மரச் சிம்பு வெச்சுக் கட்டுனாரு. புண்ண மூடல, தெறந்தே விட்டாரு. குண்டு வரல, கெடந்துட்டுப் போகட்டும்னுட்டாரு. காலப் புடிச்சது நான். அப்ப எங்களுக்குக் கல்யாணம் கூட ஆகல.

உங்க வாத்தியாரு ரெண்டு வருசமும் தப்பாச் சொல்லிக் குடுத்திருக்காரு, தம்பி. நடந்தாரு. கொஞ்சம் சாஞ்சு சாஞ்சு நடந்தாரு, அவ்வளவுதான். இந்த நெலத்துல கல்லு பொறுக்குனாரு, ஏரு புடிச்சாரு, கல்யாணத்தன்னிக்கு ஓடையில தண்ணி ஏறியிருந்துச்சுன்னு என்னத் தூக்கிட்டு அக்கரை சேத்தாரு. எலும்ப மட்டும் பாத்தவங்களுக்கு அது தெரியாது.

பிக்ஸ்பி கட்டுன கட்டு உள்ளுக்குள்ள எப்படிப் பொருந்துச்சுன்னு கண்ணால பாத்த ஒரே ஆளு இங்க நீங்கதான். எனக்குக் கூடத் தெரியாது. கையக் கழுவுங்க. ரம்பம் இங்கயே கெடக்கட்டும். அவரு காலுல படிச்சீங்க, அவரு மக காலு உள்ள இருக்கு. வாங்க, நான் புடிச்சுக்கிறேன்.