நிதானமாகச் சொன்ன ஜெபம்

ஃபாதர், போன வெள்ளிக்கிழமை கோழி சாப்பிட்டுவிட்டேன். பாசாரில் கெம்போங் மீனெல்லாம் கண் குழிந்து கிடந்தது. தவக்கால வெள்ளியில் இறைச்சி ஆகாது என்பதற்காக அதை வாங்கித் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்வதில் கடவுளுக்கு என்ன லாபம்? அப்புறம், ஜெபத்தை எக்ஸ்பிரஸ் பஸ் மாதிரி ஓட்டுகிறேன் என்று ஒருமுறை கண்டித்தீர்களே, அதைத் திருத்திக்கொண்டேன். அதையும் சொல்லத்தான் வந்தேன்.

அடுத்தவர் பெயரை இங்கே இழுக்கக் கூடாதுதான். ஆனால் என் சிநேகிதி மகதலேனாவைப் பெயர் சொல்லாமல் எப்படிச் சொன்னாலும் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

ஈஸ்டருக்கு முந்தின இரவு, பெரிய சனிக்கிழமை, விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, மெழுகுதிரி வெளிச்சத்தில் ஒரே ஆள் நின்று பாடும் பாஸ்கா புகழுரை. நம் கிள்ளான் கோவிலில் அதை இத்தனை வருஷமும் நான்தான் பாடினேன். இந்த வருஷம் பாடற்குழுத் தலைவர் இக்னேஷியஸ் வந்தார். "ஷெர்லி, உனக்கு மூச்சு நடுவுல உடையுது லா. மகதலேனாவும் டிரை பண்ணட்டும். யாருக்கு மூச்சு நிக்குதோ அவங்க பாடுங்க" என்றார். நான் சிரித்துக்கொண்டே சரி என்றேன். வீட்டுக்கு வந்து, குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வயிறு எரிந்தது, ஃபாதர். அதை மறைக்க மாட்டேன்.

தண்ணீருக்குள் மூச்சடக்கிப் பழகினால் குரல் நீளும் என்று அவளிடம் நான் சொல்லவில்லை. அப்படி ஒரு வீடியோ பார்த்ததாகத்தான் சொன்னேன்.

அவள் குடியிருக்கும் காண்டோ அடுக்குமாடியில் நீச்சல் குளம் உண்டு. அங்கே பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கும் யுகேந்திரன், நாங்கள் பழகப் போன முதல் நாளே எங்களைப் பிடித்துக்கொண்டான். "ஆன்டி, இந்த விளையாட்டே வேணாம். அதுலயும் இறங்குறதுக்கு முன்னாடி வேகவேகமா மூச்சு இழுக்கவே கூடாது. மூச்சு முட்டுறதே தெரியாம மயக்கம் வந்துரும். கைகால்கூட உதற மாட்டீங்க. பாக்குறவங்களுக்கு சும்மா உக்காந்திருக்கிற மாதிரிதான் தெரியும்."

மகதலேனா தொப்பியைச் சரிசெய்துகொண்டே, "எனக்குத்தான் ஷெர்லி இருக்காளே லா" என்றாள். அவள் காதில் ஒன்றும் ஏறவில்லை. நான் ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டேன்.

கடிகாரம் வேண்டாம், ஜெபத்தாலேயே எண்ணு என்றது அவள்தான். "அஞ்சு அருள் நிறைந்த மரியே சொல்லு. முடிஞ்சதும் தோளத் தட்டு. பயிற்சிக்குப் பயிற்சி, புண்ணியத்துக்குப் புண்ணியம்." அவள் ஏணியின் கீழ்ப்படியைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் உட்காருவாள். நான் கரையில் உட்கார்ந்து, என் வழக்கமான வேகத்தில் சொல்லி முடித்துக் காலால் தோளைத் தட்டுவேன். அவளும் புஸ்ஸென்று எழுந்து வந்து என்மேல் தண்ணீர் தெளிப்பாள்.

அந்த வியாழக்கிழமை அவள் ஒருசந்தி விரதம் வேறு. இறங்குமுன் மூச்சை வேகவேகமாக இழுத்துவிட்டாள். "இன்னும் நல்லா இழு" என்றேன். சிநேகிதியை உற்சாகப்படுத்தாமல் இருக்க முடியுமா?

அன்றைக்குத்தான் நீங்கள் கண்டித்தது ஞாபகத்துக்கு வந்தது. ஒவ்வொரு சொல்லையும் பொருள் உணர்ந்து, பக்தியோடு சொன்னேன். மூன்றாவது ஜெபத்தில், மரண வேளை என்று வருமே, அந்த இடத்தில் அவள் கை ஏணியை விட்டது. பார்த்தேன். ஆனால் தேவதாயிடம் பேசிக்கொண்டிருக்கும்போது பாதியில் எழுந்து போவது மரியாதையா? நான்காவதைச் சொன்னேன். ஐந்தாவதையும் சொன்னேன். சிலுவை போட்டுக்கொண்டேன். அப்புறம் கத்தினேன்.

குளத்தின் மறுகோடியில் பிள்ளைகளோடு இருந்த யுகேந்திரன் ஓடிவந்து போட்ட உடுப்போடு குதித்தான். அவளை மேலே இழுத்துப் போட்டு வாயில் ஊதினான். அவள் இருமிக்கொண்டு கண் விழித்ததும் நானும் அழுதேன். நிஜமாகவே அழுதேன், ஃபாதர்.

அவளுக்கு ஒன்றும் ஞாபகமில்லை. பட்டினி மயக்கம் என்று அவளாகவே முடிவு பண்ணிக்கொண்டாள். நான் சத்தம் போட்டிருக்காவிட்டால் செத்தே போயிருப்பாளாம். என் கையைப் பிடித்துக்கொண்டு ஊரெல்லாம் சொல்கிறாள். இக்னேஷியஸ் கண் கலங்கி, "இது மாதா செஞ்ச புதுமை லா. இனிமே போட்டி எதுக்கு? மகதலேனாவே பாடட்டும்" என்று முடித்துவிட்டார். நானும் கை தட்டினேன்.

யுகேந்திரன் அவளைக் குளத்துப் பக்கமே வரக் கூடாது என்று சொல்லிவிட்டான். அவளோ பெரிய சனிக்குள் மூச்சு இன்னும் நீள வேண்டும் என்கிறாள். அவன் லீவு போட்டிருக்கும் நாளை விசாரித்துச் சொன்னேன். நாளைக்குப் போகிறோம். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வருகிறாளாம், பயமே இல்லையாம். அவளை நம்பி வேறு யாரிடம் விடுவது?

அவ்வளவுதான், ஃபாதர். பெரிய பாவம் என்றால் அந்தக் கோழிதான். அபராதமாக எத்தனை அருள் நிறைந்த மரியே கொடுத்தாலும் சரி, நாளைக்குக் குளத்தங்கரையிலேயே சொல்லிவிடுகிறேன். அவசரமே படமாட்டேன்.