போணிக்கு முந்தின பேச்சு

குரங்கணி பஸ்சில் என் முன் சீட்டில் இருந்த பெண் புதிதாக மருத்துவக் காப்பீட்டு ஏஜென்ட் ஆனவள். பக்கத்திலிருந்தவளிடம் பொரிந்துகொண்டிருந்தாள்.

"மொத பாலிசிய சொந்தத்துல போடலாம்னு மாமாவோட ஏலக்காய்க் கடைக்குப் போனேன்க்கா. போணி ஆகுறதுக்கு முந்தி ஆஸ்பத்திரி பேச்சு பேசுறியேங்குறாரு. சாயங்காலம் போனா, வெளக்கு வைக்கிற நேரத்துல சீக்கப் பத்திப் பேசாதங்குறாரு. வெள்ளிக்கெழமை கடைப்படியே ஏறவிடல."

"அப்புறம்?"

"நேத்து கல்லடைப்புன்னு ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு போன் போடுறாரு. வெரசா ஒரு பாலிசி போட்டுக் கொண்டா ஆத்தாங்குறாரு. படுத்தப்புறம் எந்தக் கம்பெனி குடுக்கும்க்கா?"

"நீ என்ன சொன்ன?"

"இன்னைக்கு அஷ்டமி மாமா, இந்தப் பேச்சு ஆகாதுன்னு போனை வச்சிட்டேன்."

"நேத்து அஷ்டமியா?"

"யாரு கண்டா."